டப்பாவுக்கு ஒரு குடித்தனம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தப் பூச்சி தென்பட்டாலும் பெயர் ஒன்றுதான்: வண்டு. வைத்தியமும் ஒன்றுதான்: வெயிலில் கொட்டு, வேப்பிலை போடு. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் ஒரே தைலத்தைத் தடவுகிற வம்சம்.

வண்டுகளிடம் இந்த அலட்சியம் கிடையாது. அதது தனக்கென ஒரு டப்பா பார்த்துக் குடியேறுகிறது.

அரிசியில் இருப்பவர் கூன்வண்டு. நீண்ட மூக்கு, முதுகில் மங்கலாக நாலு செம்புள்ளி. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு பிணமாகிவிடுவார். "செத்துடுச்சுடா" என்று அம்மா திரும்புவதற்குள் எழுந்து நடையைக் கட்டுவார். பெண் வண்டு அரிசியில் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, பசை வைத்து அடைத்துவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகத்தான் வெளியே வரும். ஆகவே நாம் புடைப்பது, உலாவப் போனவர்களை மட்டும்தான் துரத்தும். வீட்டுக்குள் இருப்பவர்கள் பிறகு வருவார்கள்.

தட்டைப்பயறில் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள். பல சமயம் வயலிலேயே ஏறிவிடும் பயணிகள் இவர்கள். முழுப் பயறுதான் பிரியம். உடைத்த பருப்பில் அவ்வளவு நாட்டமில்லை. மாவு வண்டு நேர் எதிர். முழுத் தானியத்தைக் கடிக்கத் தெம்பில்லை. நாம் அரைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடும். கூட்டம் பெருகினால் மாவு லேசாகச் சிவந்து, ஒரு நெடி அடிக்கும். டப்பாவைத் திறந்த மனைவி என்னை முறைத்தால், நெடி ரவையிலிருந்துதான் என்று நானே சொல்லிவிடுவது வழக்கம்.

எல்லோரிலும் துணிச்சல்காரர் சிகரெட் வண்டு. புகையிலை, மஞ்சள், மல்லி எல்லாம் தின்பார். மிளகாய் வற்றலையும் விடமாட்டார். அரிசிக்குக் காவலாக நாம் போடுகிற அதே வற்றல்!

கடை அண்ணாச்சியிடம் முறையிட்டேன். "மருந்தடிக்காத சரக்கு சார், அதான் வண்டு உசுரோட இருக்கு" என்றார். இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றத்திலும் பதில் கிடைக்காது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் துளைகள் போட்ட குழல் ஒன்று செய்திருக்கிறார்கள். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றுத் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழுந்துவிடும். சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கான தண்டனை.

மற்றபடி வழி எளிது. வாங்கிய ரவை, மாவு, பயறை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையோடு கதை முடியும். டப்பாவைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து நிரப்ப வேண்டும். பழையதன் தலையில் புதியதைக் கொட்டக் கூடாது. நம் ஊர் வெக்கையில் கூன்வண்டு முட்டையிலிருந்து வண்டாகச் சுமார் ஒரு மாதம் போதும். அதற்குள் தீர்கிற அளவே வாங்கவேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டத்தை வீட்டில் அறிவித்தேன். அப்பா அன்று மாலையே ஐந்து கிலோ அரிசியும் அதோடு இலவசமாக வந்த ஒரு கிலோவும் தூக்கிவந்தார்.

"வண்டு வருமேப்பா?"

"வரட்டுமே. அந்த ஒரு கிலோ அதுக்குத்தான்."