எந்த அந்தோனி?

எங்கள் லயத்தில் "அந்தோனி" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த இத்தாலிப் பெயர் தோட்டத்துக்கு எப்படி வந்தது?
- ஒரு வாசகர், தெரணியகலை

மூன்று பேர்தானா? இத்தாலியில் வீதியில் நின்று "அந்தோனியோ" என்று கத்திப் பாருங்கள்! ஆனால் நம்மிடம் இதைக் கொண்டுவந்தவர்கள் இத்தாலியர் அல்லர், போர்த்துக்கேயர். 16ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையில் இறங்கிய பெயர், மெல்ல உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனது. பிறகு பஞ்சம் பிழைக்க வந்த நம் பாட்டன் பூட்டன்களோடு கடல் கடந்தது. துரைமார் வைத்த பெயர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துரையைப் பார்ப்பதற்கு முன்பே அது நம் வீட்டுப் பெயர்.

பதுவா அந்தோனியார் இத்தாலியர்தானே?
- ஒரு வாசகி, எட்டியாந்தோட்டை

போய்ச் சேர்ந்த இடம்தான் இத்தாலி. பிறந்தது லிஸ்பனில், 1195 வாக்கில். ஞானஸ்நானப் பெயர் பெர்னாண்டோ! 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோனி ஆனார். 1231 ஜூன் 13இல் பதுவா அருகே இறந்தார். ஓராண்டு நிறையுமுன் புனிதர் பட்டம். நீர்கொழும்பில் 'அந்தோனி பெர்னாண்டோ' யாரையாவது சந்தித்தால் சொல்லுங்கள், புனிதரின் இரண்டு பெயர்களும் அவரிடம் இருக்கின்றன என்று. பதுவாக்காரர்களோ ஒரு பெயரும் சொல்வதில்லை. 'புனிதர்' என்றாலே அங்கே அவர்தான்.

அப்படியானால் அவர் யாருடைய பெயரை எடுத்துக்கொண்டார்?
- அதே வாசகி

விடமாட்டீர்கள் போல. சொத்தைத் தானம் செய்துவிட்டு எகிப்துப் பாலைவனத்துக்குப் போன துறவியின் பெயரை. நம்மவர்களுக்கு அவர் வனத்து அந்தோனியார். திருநாள் ஜனவரி 17. இத்தாலியில் அன்று ஆடு, மாடு, நாய் எல்லாவற்றையும் கோயில் வாசலுக்கு ஓட்டி வந்து மந்திரிப்பார்கள். பொங்கலை ஒட்டி வருகிற நாள், நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? திண்டுக்கல் பக்கம் அவர் பெயரில் பொங்கலும் உண்டு, ஜல்லிக்கட்டும் உண்டு.

பெயருக்கு என்ன பொருள்?
- ஒரு மாணவர், இரத்தினபுரி

பழைய ரோமக் குடும்பப் பெயர். ரோமருக்கு முந்திய எட்ரூஸ்கரிடமிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் ஊகம். குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள் 'மலர்' என்று போட்டிருக்கும். அது பிற்காலத்தில் ஒட்டவைத்த கதை.

'பாட்ஷா' படத்து மார்க் ஆண்டனி எந்த அந்தோனி?
- ஒரு ரசிகர், ருவன்வெல்லை

1995இல் ரகுவரன் வாங்கிக் கட்டிக்கொண்டது ரஜினியிடம். கி.மு. 31இல் அசல் ரோமத் தளபதி தோற்றது ஒக்டேவியனிடம். அசலின் பக்கத்தில் கிளியோபாட்ரா இருந்தாள். ரகுவரனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பெண்களுக்கு இந்தப் பெயர் உண்டா?
- ஒரு தாய், அவிசாவளை

நம் அந்தோனியம்மாக்களை மறந்துவிட்டீர்களே! இன்னொருவர் டில்லியில் இருக்கிறார். 1946இல் இத்தாலியின் லூசியானாவில் பிறந்தபோது பதிவான பெயர் எட்விஜ் அந்தோனியா அல்பினா மைனோ. தகப்பன் கூப்பிட்டது சோனியா என்று. காந்தி பிறகு சேர்ந்தது.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஏன் செவ்வாய்க்கிழமை போகிறார்கள்?
- ஒரு வாசகர், தெரணியகலை

பதுவா அந்தோனியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாயில். கொச்சிக்கடையில் மெழுகுதிரி ஏற்ற வருபவரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் சிதைந்த கோயிலை, அவ்வருட ஜூன் திருநாளுக்கு முதல் நாளே திறந்துவிட்டார்கள். நீங்கள் ஜூன் 13இல் போவதென்றால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். பிந்தினால் தெருவில்தான் நிற்க வேண்டும்.