வாடகைச் சீட்டும் சங்க நாற்காலியும்

எங்கள் வீடு மலேசியாவின் பினாங்கில், பெருநிலக் கரையில் உள்ள மாக் மண்டினில். அப்பாவின் மளிகைக் கடை தீவுப் பக்கம், ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில். விடியற்காலையில் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுபவர் இரவில்தான் திரும்புவார். கடை வாடகை பல வருஷம் ஏறவே இல்லை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவல் நின்றது. பினாங்கில் மட்டும் அப்படி 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள்.

அன்று வியாபாரிகள் கூடிப் பேசிய இடம் மாரியம்மன் கோயில் வாசலும் தேநீர்க் கடையும்தான். யார் கடையை விடுகிறார், கடை கைமாறத் தரும் ‘டீ மணி’ எத்தனை வெள்ளி என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்; எழுத்தில் எதுவும் இருக்காது. கட்டடக்காரர்களின் குறையிலும் நியாயம் இருந்தது. வந்த வாடகை ஓடு மாற்றவே காணாது. மழைக்காலத்தில் அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி, ஒழுகும் இடத்தில் எண்ணெய்த் தகரம் வைப்பார் அப்பா.

சட்டத்தை எடுக்கச் சொல்லி உரிமையாளர் தரப்பு நெடுங்காலம் வாதாடியது. 1997-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. 1999 முடியும்வரை தவணை. வாடகைக்காரர்கள் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற பெயரில் ஒன்றுகூடிக் குரல் எழுப்பியபோது காலம் கடந்துவிட்டது. 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. அப்பா கடையை மூடினார். காலியான பல கடைவீடுகளில் உழவாரன் குருவிகள் குடியேறின; கூட்டை எடுத்து விற்பதற்காக ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓட விட்டார்கள். 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கூரைகள் செப்பனிடப்பட்டன, ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும் வந்தன. அந்த மரபைத் தினமும் வாழ்ந்து காட்டிய குடும்பங்களில் பல அக்கரைக்குப் போய்விட்டன.

இன்று மாக் மண்டினில் வாடகை இடத்தில் அச்சகம் நடத்துகிறேன். வணிகச் சங்கக் கூட்டம் எதையும் விடுவதில்லை. ஹோட்டல் மண்டபம், பெயர் அட்டை, வாட்ஸ்அப் குழு என்று எல்லாம் மாறியிருக்கிறது. மதிப்பீட்டு வரி, லைசென்ஸ், தொழிற்பேட்டை நிலத்தின் 60 ஆண்டுக் குத்தகை ஆகியவை பற்றி அங்கே பேசுகிறோம். எத்தனை கடை, எத்தனை தொழிலாளி, வாடகை எவ்வளவு என்று கணக்கோடு போகும் மனுவை அதிகாரிகள் புரட்டியாவது பார்க்கிறார்கள். அப்பா காலத்தில் அந்தக் கணக்கை எடுத்துவைக்க ஆளில்லை.

ஆனால் பூக்கடைக்காரரையும் முடிதிருத்துபவரையும் அந்த மண்டபத்தில் நான் காண்பதில்லை. மாலையில் அவர்கள் கடையை அடைத்துவிட்டு வர முடியாது, சந்தாவும் பாரம். எங்கள் இந்திய வர்த்தகச் சங்கம் சிறு வாடகைக்காரர்களுக்குக் குறைந்த சந்தாவில் இடம் தர வேண்டும். கடைத்தெருவுக்கே வந்து கூட்டம் போட வேண்டும். கடைக்காரர்களே, வியாபாரம் நன்றாக நடக்கும்போதே சங்கத்தில் சேருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். புதுப்பிக்கும் விதியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு சேரும் கூட்டத்துக்கு வலு போதாது என்பதை எங்கள் தெரு 2000-இல் கண்டுவிட்டது.