ஆத்மா அழிவற்றது

பதினைந்து வருஷம் கட்டளைக்குக் காத்திருந்த என் கணிப்பொறி, ஒரு நாள் விசிறியை மட்டும் சுழற்றிவிட்டு மௌன விரதம் பூணவே, ஹைதராபாத்வாசிகளின் வழக்கப்படி சிக்கந்தராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டருக்கு அதைச் சுமந்து யாத்திரை போனேன். அங்கே ஒரு வைத்தியர், மதர்போர்டில் வயிறு உப்பிய கெபாசிட்டர்களைக் காட்டி, சரீரந்தான் போயிற்று, ஆத்மா ஹார்ட் டிஸ்கில் க்ஷேமம் என்று தெலுங்கில் வேதாந்தம் சொல்லி, நான்கு திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்து, யுஎஸ்பி கேபிள் வழியே தம் மடிக்கணினியோடு இணைத்தார். 1956-இல் ஐபிஎம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க், ஒரு டன் எடையோடு 50 லட்சம் எழுத்துகளைத்தான் சுமந்தது; உள்ளங்கையளவான என்னுடையதோ 80 ஜிபி. அத்தனையும் மீண்டது: பழைய மின்கட்டண ரசீதுகளும், முடிக்காத நாவலின் முதல் பக்கமும், அதன் பதினொரு நகல்களும்! ஆத்மா அழிவற்றதுதான், காப்பாற்றத் தகுந்ததா என்பதைத்தான் எவரும் விசாரிப்பதில்லை.