மணிக்குக் கேட்காது

எங்கள் தெருவில் இரண்டே மாதத்தில் மூன்று வீட்டுத் தண்ணீர் மோட்டார் திருடு போனது. நாலாவது நம்முடையதாக இருக்கக்கூடாது, ஒரு நாய் வாங்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை முடிவானது. எந்த நாய் என்பதில்தான் இட்லி ஆறிப்போனது.

மகளுக்கு ஹஸ்கி வேண்டும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கவென்று இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறக்கிற ஜீவன். மதுரைச் சித்திரை வெயிலில் அதற்கு ஏ.சி. போட்டே ஆகவேண்டும். "நமக்கே ஃபேன்தான்" என்றாள் அம்மா. சைபீரியா முடிந்தது. மனைவிக்கு, ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடுமே, அந்தப் பக். சப்பை மூக்கால் அது மூச்சுவிடப் படும் பாட்டை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் குறட்டை விடும் என்று பயமுறுத்தினேன். "அதெல்லாம் கல்யாணமான அன்னைக்கே பழகிருச்சுங்க" என்றாள். அம்மாவின் நிபந்தனை எளிது: தயிர்சாதம் சாப்பிட வேண்டும், பெயர் மணி.

தீர்ப்பு அப்பாவுடையது. அதற்காக மொத்த விவாதத்தையும் அவருக்கு இன்னொரு முறை சத்தமாக நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அப்பா 32 வருஷம் தபால்காரராக இருந்தவர். நாய்களோடு நேரடி அனுபவம் உள்ளவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். "இது பொமரேனியன், சும்மா கீறல். இது ராஜபாளையம்" என்று வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டும்போது, இரண்டாவது தழும்புக்கு மட்டும் குரலில் ஒரு மரியாதை வரும். ஆல்பத்தை வேறு எடுத்து வந்தார். 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டது: இமாலயன் ஷீப் டாக், ராம்பூர், முதோல், ராஜபாளையம். "கவர்ன்மென்ட்டே ஸ்டாம்ப் போட்டிருக்கு, அப்புறம் என்ன யோசனை?"

ராஜபாளையத்துக்கே போனோம். 45 நாள் குட்டிகள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கேட் திறந்த சத்தத்துக்கு எல்லாம் எழுந்து கூச்சல் போட, ஒன்று மட்டும் அசையாமல் தூங்கியது. "நிதானத்தைப் பார்த்தியா!" என்றார் அப்பா. அதையே வாங்கினோம்.

ஊசி போடப் போன இடத்தில் நிதானத்தின் காரணம் தெரிந்தது. டாக்டர் குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். நான் திரும்பினேன், மனைவி திரும்பினாள், வரிசையில் நின்ற ஒரு வெள்ளாடு திரும்பியது. மணி திரும்பவில்லை.

முழு வெள்ளை நாய்களில் இது உண்டாம். ரோமத்துக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். ராஜபாளையத்தில் அடிக்கடி பார்க்கிற சங்கதிதான். "வாங்கும்போதே பின்னாடி நின்னு ஒரு கை தட்டிப் பார்த்திருக்கலாமே" என்றார் டாக்டர். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற குடும்பம் சார் நாங்கள்!

திருப்பிக் கொடுக்கும் பேச்சை அம்மா எடுக்கவே விடவில்லை. "காது கேக்கலேன்னா திருப்பிக் குடுத்துடறதா? அப்படிப் பார்த்தா நான் யாரை எப்பவோ குடுத்திருக்கணும்?"

சத்தத்துக்குப் பதில் கைச் சைகை பழக்கலாம், தூரத்தில் இருந்தால் தரையை ஓங்கி மிதித்தால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். அம்மா சாப்பாட்டு நேரத்தில் தொம்மென்று ஒரு மிதி மிதிக்கிறாள். திண்ணையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்து வருகிறார்கள்.

போன வாரம் புதுத் தபால்காரர் வந்தார். பெல் அடித்தார். கேட்டைத் தட்டினார். கடைசியில் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, படியில் தூங்கிய மணியைத் தாண்டி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் மடியில் கவரை வைத்தார். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்ப்பா, நாய் ஜாக்கிரதைன்னு போர்டு மாட்டியிருக்கோம்ல? இப்படியா உள்ளே வர்றது?" என்று அதட்டியவர், வேட்டியைத் தூக்கி இரண்டாவது தழும்பைக் காட்டினார்.