குமாஸ்தா அண்ணனின் லத்தீன்

முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் கேஸ் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவரை வக்கீலே "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். வாய்தா தேதியெல்லாம் அவர் டைரியில் அல்லவா இருக்கிறது! வக்கீல் குமாஸ்தாவின் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஆனால் வாயைத் திறந்தால் ஸ்டேட்டஸ் கோ, பிரைமா ஃபேஸி என்று லத்தீன் கொட்டும். ஜூலியஸ் சீசர் எழுந்து வந்து கேட்டால், ஏதோ நல்ல பாஷை என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

அண்ணனுக்குச் செல்லமான சொல் 'எக்ஸ்பார்ட்டி'. சம்மனை வாங்காமல் பிரதிவாதி ஒளிந்தால், அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். வாய்தா அன்று டவாலி மூன்று தரம் கூவியும் ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி. வாதி சொன்னதை மட்டும் கேட்டு டிகிரி. எதிராளிக்கு மூச்சுக் காட்டாமல் முதல் நாளே இடைக்காலத் தடை வாங்கினாலும் அதுவும் எக்ஸ்பார்ட்டிதான். எந்தக் கட்சிக்கு ஆஜரானாலும் அண்ணனுக்கு இதில் வேலை உண்டு.

டிகிரி ஆன பிறகுதான் பிரதிவாதி அலறிக்கொண்டு வருவார்.

"பயப்படாதீங்க. ஆர்டர் 9, ரூல் 13. 30 நாளுக்குள்ள செட் அசைடு போட்டுடலாம்."

"40 நாள் ஆயிடுச்சுங்களே ஐயா!"

"அப்ப தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. அதுக்குத் தனி ஸ்டாம்பு, தனி டைப்பிங். காரணம், மஞ்சக்காமாலைன்னு போட்டுக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"கோர்ட்டுக்கு வராதவங்க எல்லாருக்கும் அதுதாங்க வியாதி."

இங்கிலாந்தில் 1999இல் புதிய சிவில் விதிகள் வந்தபோது இந்த லத்தீனைக் கழற்றிவிட்டு, 'நோட்டீஸ் இல்லாமல்' என்று எளிய இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்கள். ஜூனியர் வக்கீல் ஒருவர் இதைச் சொன்னபோது அண்ணன் அசரவில்லை. "அவங்க விட்டா விடட்டும் தம்பி. நம்ம 1908 கோடுல இருக்குல்ல?" அதுவும் நியாயம்தான். 'நோட்டீஸ் இல்லாம ஆயிடுச்சு' என்றால் எந்தக் கட்சிக்காரர் பயந்து ஃபீஸ் கொடுப்பார்?

வீட்டில்தான் வம்பு. மகளுக்கு வந்த வரனை அவர் இல்லாதபோது பேசி முடித்துவிட்டார்கள்.

"என்னைக் கேக்காம எக்ஸ்பார்ட்டியா முடிச்சிருக்கீங்க!"

"முந்தாநாள் சாப்பிடறப்போ சொன்னேன், நேத்தும் சொன்னேன். டைரியவே பாத்துட்டிருந்தீங்க," என்றாள் மனைவி. "போய்ப் பத்திரிகை அடிக்கக் குடுங்க. காமாலைனு மனுப் போட்டீங்கன்னா ஒரு வாரம் மோர்ச்சோறுதான்."