கெட்டிமேளம் தாமதமாக வந்த கல்யாணம்

வீட்டில் எந்தச் சாமான் மக்கர் செய்தாலும் அதைச் சோதிக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் அதன் முதுகில் ஒரு தட்டு. அடுத்து, அதைச் செய்தவனுக்கு ஓர் அர்ச்சனை. கடைசியாக, "இதைத் தொட்டது யாரு?" என்று வீட்டாரிடம் விசாரணை. மிக்ஸி, இன்வெர்ட்டர், வாசல் காலிங்பெல் என்று இந்த முறையில் இதுவரை எதுவும் சரியானதில்லை. அதற்காக முறையைக் குறை சொல்ல முடியுமா?

இப்பேர்ப்பட்ட என் கையில், 1991-இல் நடந்த எங்கள் கல்யாணத்தின் வீடியோ கேசட் வந்து மாட்டியது. மாமனார் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது அகப்பட்டதாம். கம்ப்யூட்டரில் ஏற்றித்தரக் கடைக்காரர் ஒரு தொகை சொன்னார். "ஒரு வயர், ஒரு லேப்டாப். இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்த வாக்கியத்தை என் மனைவி மனப்பாடம் செய்துகொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் தேவை, கேசட்டை ஓட்டும் டெக். புதிதாக வாங்க வழியில்லை. கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில் கையைக் கழுவிவிட்டது. மச்சினன் வீட்டில் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் டிவியோடு சேர்த்து ராத்திரி வாடகைக்குக் கொண்டுவந்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்த்தோமே, அந்த ரகம். அடுத்தது, டெக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேப்சர் கருவி. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கினேன். அதோடு டிரைவர் மென்பொருள் உள்ள ஒரு குட்டி சிடியும் வந்தது. அதைப் போட என் லேப்டாப்பில் இடமே இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் கைகொடுத்தான். "அப்பா, மேல இருக்குற பேரை நம்பாதீங்க. வெளிக்கூடு ஒண்ணா இருக்கும், உள்ள சிப் ஆளுக்கு ஒண்ணா இருக்கும். டிவைஸ் மேனேஜர்ல ஹார்ட்வேர் ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், அதைப் படிங்க." படித்தேன். அந்த எண்ணைக் கொண்டு சரியான டிரைவரை அவன் தேடி அனுப்பினான். இதில் என் பங்கு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தது.

கேசட்டைப் போட்டேன். லேப்டாப் திரை முழுக்க நீலம். டெக்கைத் தட்டினேன், செய்தவனுக்கு அர்ச்சனை நடந்தது, விசாரணையும் தொடங்கியது. டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன், வயரை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். சமையலறையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஏங்க, அந்த டெக்கை நேரா டிவியில மாட்டிப் பாத்தீங்களா?"

இந்தத் தொழிலின் ஆதார விதியே அதுதான். நாலு சாமான் சங்கிலியாகக் கோத்திருந்தால், நடுவில் பிரித்து, கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று முதலில் பார்க்க வேண்டும். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் குழம்புக்குத் தாளிக்கப் போய்விட்டாள்.

எங்கள் புது டிவியில் மஞ்சள் துளை கிடையாது. மச்சினன் வீட்டுப் பழைய குண்டு டிவியை ஆட்டோவில் வரவழைத்தேன். அதிலும் நீலம். ஆக, லேப்டாப் நிரபராதி. டேப்பிலிருந்து உருப்படியான சிக்னல் வராவிட்டால், புள்ளிப்புள்ளியாக இரைவதைக் காட்டாமல் நீலத்திரையைப் போட்டு மறைப்பது டெக்கின் நாகரிகம். சந்தேகம் இப்போது டெக்கின் மேலும் கேசட்டின் மேலும்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய டெக் பார்க்கிற பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்தார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம். "இதையா சார் ஓட்டுனீங்க? இது ஹெட்ல ஒட்டும், அங்கேருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும்." நான் பேச்சை மாற்ற, ஹெட்டைத் துடைக்க வீட்டிலேயே காது குடையும் பஞ்சு இருக்கிறதே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கட்டுரையில் எழுத முடியாது.

டெக்கைத் திறந்து காட்டினார். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாய்ந்த டிரம். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் அது நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. எதிரெதிராகப் பதிந்திருக்கும் ஹெட்டுகள், நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராத டேப்பில் சாய்வுக் கோடுகளாகப் படத்தைப் படிக்கின்றன. ஹெட்டின் இடுக்கு கண்ணுக்கே தெரியாது. அதில் பஞ்சு இழை சிக்கினால் அதன் ஆயுள் முடிந்தது. அவர் வெள்ளைத்தாளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின்மேல் ஒற்றிப் பிடித்தபடி டிரம்மைக் கையால் சுற்றினார். தாள் கறுத்தது. குறுக்கேதான் துடைக்க வேண்டும், மேலும் கீழுமாக இழுத்தால் ஹெட் பெயர்ந்துவிடும். கேசட்டையும் பிரித்துத் துடைத்து, ரப்பர் பெல்ட் மாற்றிக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலி, ஆட்டோ, கருவி எல்லாவற்றையும் கூட்டினால் முதல் கடைக்காரர் சொன்ன தொகையைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு இன்றுவரை வீட்டில் வெளியாகவில்லை.

படம் வந்தது. மூன்று மணிநேர கேசட், மூன்று மணிநேரமும் ஓடித்தான் ஏறும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஏறிய பின் போட்டுப் பார்த்தால், ஆரம்பம் சரியாக இருந்தது. போகப்போகச் சத்தம் பின்தங்கியது. நான் தாலி கட்டுகிறேன், மூன்றாவது முடிச்சையும் நாத்தனார் முறைக்கு என் தங்கை போட்டு முடித்துவிட்டாள், அட்சதையும் விழுந்தாயிற்று. அதற்கப்புறம் நிதானமாகக் கெட்டிமேளம்.

"அப்ப இந்தக் கல்யாணம் செல்லாது," என்றாள் மனைவி. குரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

காரணம் இதுதான். பால் படத்தில் நொடிக்கு 15,625 கோடுகள். ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் தொடங்க வேண்டும். கிழட்டு டேப் இழுபட்டு, சுருங்கி, கோடுகளை முன்னும் பின்னுமாக அனுப்புகிறது. பழைய டிவி அனுசரித்துக் காட்டிவிடும். கேப்சர் கருவிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கணக்குப் பிசகிய படங்களைக் கழித்துவிடுகிறது. படம் குறையக் குறையக் காட்சி முந்திக்கொள்கிறது, சத்தம் பின்னால் வருகிறது.

மறுபடி ஏற்ற உட்கார்ந்தால், ஊர்வலத்தில் கார் திரும்புகிற இடத்தில் புதிய செய்தி: இது காப்புரிமைப் பாதுகாப்புள்ள நிகழ்ச்சி, பதிவு செய்ய முடியாது. சினிமா கேசட்டைக் கள்ளப்பிரதி எடுக்காமல் தடுக்க, 1980களின் நடுவில் மேக்ரோவிஷன் என்ற ஏற்பாடு வந்தது. திரையில் தெரியாத மேல்வரிகளில் சில துடிப்புகளைச் செருகுவார்கள். அதைக் கண்டால் கருவி மறுத்துவிடும். எங்கள் கேசட்டில் அந்த வரிகள் வெறுமனே நைந்துபோய்த் துடிக்கின்றன. கருவி அதைப் பார்த்து, என் கல்யாணத்தை நானே திருடுவதாக முடிவுகட்டிவிட்டது.

இரண்டு வியாதிக்கும் மகன் ஒரே மருந்து சொன்னான். பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து, டெக்கிலிருந்து அதற்குள் விட்டு, அதிலிருந்து கருவிக்கு எடுப்பது. தாறுமாறாக வரும் கோடுகளை வாங்கி, ஒழுங்குபடுத்தி வெளியே விடும் உறுப்பு சில ரெக்கார்டர்களில் இருக்கிறதாம். எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியதில் இருந்தது. கெட்டிமேளம் தாலிக்குத் திரும்பியது. மனைவியின் வழக்கு தள்ளுபடி.

அப்புறம் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தோம். என் பங்கு மொத்தத்தில் சொற்பம். வீடியோக்காரர் பந்தியில்தான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறார். விளக்கு வெளிச்சம் மேலே பட்டதும் ஒவ்வொருவராக வடையை இலையில் வைத்துவிட்டு, சாப்பாட்டில் ஆசையே இல்லாதவர்போல் நிமிர்கிறார்கள். ஓர் இடத்தில் தாமரைப் பூ விரிந்து, அதற்குள் என் தலை சுழன்று வருகிறது. பின்னணியில், அந்த வருஷம் ஊரெல்லாம் ஒலித்த சினிமாப் பாட்டுகள், ஒன்றுவிடாமல்.

சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். ஏறி முடிவதற்குள் தடை வந்துவிட்டது: இதிலுள்ள பாடல்களின் உரிமை வேறொருவருக்குச் சொந்தம்.

"பாத்தீங்களா, இது உங்க கல்யாணம் இல்லேன்னு ரெண்டாவது மிஷினும் சொல்லிடுச்சு," என்றாள் மனைவி. "எங்கப்பாவைக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பாரு. மண்டபத்துக்கு வாடகை கட்டுனது அவருதானே?"

மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தேன். இந்த வீடியோவில் உங்களுக்குள்ள உரிமை எது என்று கேட்டு, தேர்ந்தெடுக்கச் சில கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை என்று ஒரு கட்டம் அதில் இல்லை.