கருத்தாளர்

கல்லூரி ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் குத்துவிளக்கின் ஐந்தாவது திரியையும் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, பொறுப்பாசிரியர் அவருடைய பட்டங்களையும் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் ஆயிரக்கணக்கையும் மூச்சுவிடாமல் வாசித்து ஓய்ந்த பின்பு, கருத்தாளர் எழுந்து, மேடையில் நின்று பேசுவது பழைய சம்பிரதாயம் என்பதனால் படியிறங்கி நம் நடுவே வந்து, சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, "குட் மார்னிங்!" என்கிறார். நாமும் சொல்லுகிறோம். அவருக்குத் திருப்தியில்லை. வலக்கையைக் காதருகே குவித்து, "கேட்கலையே!" என்கிறார்.

இந்தக் "கேட்கலையே" ஒரு தடவையோடு நிற்கிற காரியமல்ல. இரண்டாம் முறை நாம் சற்று உரக்கச் சொன்னால், "காலையில் டிபன் சாப்பிடலையா?" என்பார், மூன்றாம் முறை ஜன்னலோரத்துப் புறாக்கள் பறந்தோடும்படி கத்தினால்தான், "இதுதான் நான் எதிர்பார்த்த எனர்ஜி" என்று முகம் மலர்வார். தேநீருக்குப் பின் ஒரு தரம், தயிர்சாதம் உள்ளே தன் வேலையைத் தொடங்கிவிட்ட இரண்டு மணிக்கு ஒரு தரம், நன்றியுரைக்கு முன் ஒரு தரம் என்று, ஒரே நாளில் அவர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வணக்கங்களைக் கோயில் மூலவர் ஆறு காலப் பூஜையிலும் பெறுவது அரிது.

வணக்கத்தினும் அவருக்குப் பிரியமானது கைதட்டல். மாணவரை வகுப்பில் ஈடுபடுத்தும் உபாயங்கள் என்று அவர் உபதேசிப்பதெல்லாம், எத்தனை தூரம் சுற்றிவந்தாலும், முடிவில் கைதட்டலிலேயே வந்து இளைப்பாறும். அதில் மழைத் தட்டு என்று ஒன்று. முதலில் ஒரே விரலால் மறு உள்ளங்கையில் தட்டவேண்டும், பிறகு இரண்டு விரல், மூன்று, நான்கு, ஐந்தாவதும் சேரும்போது சபை முழுவதும் மழை கொட்டுகிற சத்தம் எழும், அதே வரிசையில் விரல்களைக் குறைத்துக்கொண்டு வந்தால் மழை ஓயும். வருகிற மே மாதம் ஓய்வுபெறவிருக்கும் பௌதிகப் பேராசிரியர், முப்பது வருஷங்களுக்கு மேலாகக் குவாண்டம் இயங்கியல் சொல்லிக்கொடுத்தவர், மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கிவர, சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்தது மூன்றா நான்கா என்று பக்கத்து நாற்காலியைக் கடைக்கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் காட்சியைக் கண்டவர்கள், உயர்கல்வியின் எதிர்காலத்தைப் பற்றி அவ்வளவு சுலபமாகப் பேசத் துணியமாட்டார்கள்.

இன்னொன்று ராக்கெட் தட்டு. உள்ளங்கைகளைத் தேய்த்து, "ஸ்ஸ்ஸ்" என்று சீறி, வலக்கையை ஆகாயத்தை நோக்கிச் செலுத்தி, ஒரு பெருந்தட்டோடு முடிக்கவேண்டும். இது கேள்வி கேட்பவர்களுக்கான வெகுமதி. "சூப்பர் கொஸ்டின் மேடம்! எல்லோரும் மேடத்துக்கு ஒரு ராக்கெட்!" என்பார். ராக்கெட் புறப்படும், கேள்வியும் அதில் ஏறிப் போய்விடும். பதில் சொல்லும் நிர்ப்பந்தத்திலிருந்து இவ்வளவு கௌரவமாகத் தப்பிக்கும் மார்க்கத்தை வேறெந்த வித்வானும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா, காவேரி என்றும் வைகை என்றும் பெயர்சூட்டிய குழுக்கள் இவற்றையெல்லாம் விட்டுவிடலாம். கற்றல் பிரமிடை விடமுடியாது. படித்ததில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, தானே செய்ததில் 90 என்று அவருடைய திரையில் அது தவறாமல் எழுந்தருளும். மனித மனம் சில்லறைப் பாக்கி வைக்காமல் பத்துப் பத்தாகவே நினைவுகொள்ளும் இந்த அதிசயத்தைப் பற்றி ஒருவரும் சந்தேகம் எழுப்புவதில்லை. கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுகிறோம். எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1946-இல் "அநுபவக் கூம்பு" ஒன்றைத் தம் நூலில் வெளியிட்டது வாஸ்தவம். அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. எண்களைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். அவை டேலின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊர் ஊராகப் போய்வருகின்றன.

நியாயமாகச் சொன்னால், கருத்தாளரின் பையில் உள்ளதெல்லாம் பதரல்ல. கேள்வியைக் கேட்டுவிட்டு, மாணவனைச் சற்று நேரம் தனியே யோசிக்கவிட்டு, பிறகு பக்கத்திலிருப்பவனோடு பேசிப் பார்க்கவிட்டு, அதற்கப்புறமே வகுப்புக்குச் சொல்லச் சொல்லுவது என்று ஃபிராங்க் லைமன் 1981-இல் வகுத்த முறை எளியது, செலவற்றது, கூச்சமுள்ள பிள்ளைக்கும் வாய் திறக்க அவகாசம் தருவது. அதற்குக் கருத்தாளர் ஆறு நிமிஷம் ஒதுக்குகிறார். மழைக்கு இருபது.

சர்க்கார் இந்த ஆசிரியர் பயிற்சியை நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியது. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக, மறுவருஷமே பல்கலைக்கழக மானியக் குழு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களை நிறுவியது; பெயர் மாறி மாறி, அவை இன்று மாளவியா மிஷன் மையங்களாக விளங்குகின்றன. பயிற்சிச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு அவசியமென்று ஆயிற்று, கல்லூரிகளும் ஐ.க்யூ.ஏ.சி. என்ற உள்தர உறுதிப் பிரிவின் கோப்புக்காகத் தாமே பயிற்சிகள் நடத்தத் தொடங்கின. கருத்தாளருக்குச் சபை பஞ்சமில்லாமற் போயிற்று. கூடம் மாலைவரை நிறைந்திருப்பது தம் வாக்கின் வசீகரத்தினால் என்று அவர் மனப்பூர்வமாக நம்புகிறார். சான்றிதழ் ஐந்து மணிக்குத்தான் தருவார்கள் என்ற விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லுவதில்லை.

சிரிப்பு போதும். சென்ற தடவை ரசாயனத் துறை அம்மையார் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்த பெண். வீட்டில் முதல் பட்டதாரி. லேபில் தமிழில் கேட்டால் டைட்ரேஷனை அழகாக விளக்குகிறாள். வகுப்பில் இங்கிலீஷில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளுகிறாள். அவளை எப்படி சார் பேச வைப்பது?" அந்தக் கூடத்தில் அன்று கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான். ராக்கெட் புறப்பட்டது. அம்மையார் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் மௌனத்துக்குத் தூக்கமும் காரணமல்ல, சிரத்தைக் குறைவும் காரணமல்ல. அதைக் கைதட்டிக் கலைக்கவும் முடியாது. தரையோடு ஆணியடித்த பெஞ்சுகளில் அறுபது பேர் நெருங்கி உட்காரும் அறையில், குழுவாகத் திரும்புங்கள் என்றால் கழுத்தைத்தான் திருப்பமுடியும். 75 மதிப்பெண்ணை செமஸ்டர் பரீட்சைக்கு வைத்து, அந்த 75-ஐயும் மனப்பாடத்துக்கே வழங்கிவிட்டு, யோசிக்கச் சொல்லுகிறோம். வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் கௌரவ விரிவுரையாளர், அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாமலே பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார். இவற்றில் ஒன்றும் கருத்தாளருடைய திரைக்கு வருவதில்லை. ஒரு செமஸ்டர் முழுவதும் அவர் கடைசியாகப் பாடம் நடத்தியது எப்போது என்பது அறிமுகவுரையிலும் வருவதில்லை.

ஆகையால் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அவரை அழைக்கும்போது பொன்னாடை, நினைவுப் பரிசு, போக்குவரத்துப் படி எதிலும் குறை வைக்கவேண்டாம். ஆனால் கருத்தரங்கக் கூடத்தைப் பூட்டிவிட்டு, இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் மணியை அவருக்குக் கொடுங்கள். பாடத்தை அவரே தேர்ந்துகொள்ளட்டும். நாங்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளுகிறோம். சான்றிதழ்கூட வேண்டாம்.